அறிந்ததனை முதலில் வினவுக

புதியதொரு கருவி ஊருக்குள் வரும்பொழுது அதனைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அதனிடம் மதிமயங்குவோரும் உளர். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்த நாள்தொட்டு இவ்விரு சாராரையும் பண்டத்தரிப்பிலும் காண்கின்றோம். பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியை ஐயத்தோடு நோக்கும் முதியோர் ஒருபால். அது கூறியவற்றை அவ்வாறே கொப்பியில் எழுதிவரும் மாணவர் மற்றொருபால். இதனைக் கையாளத் தொடங்கும் இருசாரார்க்கும் நாம் கூறக்கூடிய நெறி ஒன்றே: தாம் நன்கறிந்த ஒன்றையே முதலில் அதனிடம் வினவுதல் வேண்டும்.

2022 நவம்பர் 30 ஆந் திகதி சாட்ஜிபிடி என்னும் உரையாடி பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. கூகுளின் ஜெமினி முதலியன அதனைத் தொடர்ந்து வந்தன. இவற்றை ஓரளவுக்குக் கட்டணமின்றியே பயன்படுத்தலாம்; தமிழில் எழுதியும் பேசியும் வினவலாம். நூல்களும் இணையப் பக்கங்களுமாகிய பெருந்தொகை எழுத்தைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்து இவை விடையை அமைக்கின்றன. ஆயின் சொல் பொருந்துதல் வேறு. செய்தி மெய்யாதல் வேறு. அறியாதவிடத்து மனிதர் தயங்குவர். இக்கருவியோ அறியாததனையும் அறிந்ததுபோன்றே தடையின்றிக் கூறிவிடும். 2023 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில், இது புனைந்துரைத்த வழக்குகளை உண்மையென நம்பி நீதிமன்றிற் சமர்ப்பித்த சட்டத்தரணிகள் இருவருக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கற்றோர்க்கே இந்நிலை எனின் ஏனையோர் விழிப்பாயிருத்தல் இன்றியமையாதது.

ஆதலின் முதல் நாளில் நம்மூரைப் பற்றியே வினவுவோமாக. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கியமை நம்மவர் பலர் அறிந்த செய்தி. அதனைக் கேட்டுப் பார்க்கலாம். பின்னர் நம் தெருக்கோயிலையும், புகையிலைச் செய்கையையும், வீட்டுச் சமையலையும் பற்றிக் கேட்கலாம். உலகறிந்த செய்திகளிற் பெரும்பாலும் சரியாக விடையிறுக்கும் கருவி, சிற்றூர்ச் செய்திகளில் எங்ஙனம் தடுமாறுகின்றது என்பது அப்பொழுது புலப்படும். நம்மைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்று இணையத்தில் ஏறியவை மிகச் சிலவாதலே இதற்குக் காரணமாகும்.

இவ்வாறு அதன் அளவை அறிந்தபின் அதனை எழுதுவினைஞராகக் கொள்ளலாம். வினா முழுமையாயிருத்தல் வேண்டும். ‘ஒரு கடிதம் எழுதுக’ என்றாற் பயனில்லை. ‘எமது ஒழுங்கையில் தெருவிளக்கு இரு மாதமாக எரியவில்லை, பிரதேச சபைத் தவிசாளருக்குப் பத்து வரியிற் பணிவான கடிதம் அமைத்துத் தருக’ எனின் பயனுண்டு. விடை நீண்டுவிடின் சுருக்குமாறு கேட்கலாம். எத்தனை முறை கேட்பினும் அது சலியாது. அலுவலகத்திலிருந்து சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த கடிதத்தின் பொருளையும் ஒருவாறு அறியலாம். பிறர் கையை எதிர்பார்த்திருந்த முதியோர்க்கு இஃது ஒரு பேருதவி. ஆயினும் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் ஆகியவற்றை அதனிடம் ஒப்புவித்தலாகாது. மருந்தின் அளவை வைத்தியரிடமே கேட்டல் வேண்டும்.

இனி, மாணவர்க்கு ஒன்று. கணிகருவி வந்ததனாற் கணிதம் அழிந்ததா எனச் சிலர் வினவுவர். பெருக்கல் வாய்பாடு அறிந்தவன், விரல் தவறித் தவறான எண்ணை அழுத்தினால் விடை பிழையென உடனே உணர்வான். அறியாதவன் அதனையே எழுதிவைப்பான். கட்டுரையும் அத்தகையதே. தானே எழுதிப் பழகாதவனுக்குப் பிறிதொன்று எழுதித் தந்ததன் நலமும் தீங்கும் தோன்றா. எனவே, மாணவன் முதலில் தன் கட்டுரையைத் தானே எழுதுக. பின்னர்ப் பிழை காட்டுமாறு கருவியைக் கேட்க. அது காட்டியவற்றையும் இலக்கண நூலோடும் ஆசிரியரோடும் ஒப்பிட்டே ஏற்க. இம்முறையிற் கருவி துணையாகும். முறை மாறின், மாணவன் வெறும் பிரதியெழுதுபவனாவான். தமிழ் கற்பிக்கும் எமக்கு உள்ள கவலையெல்லாம் இதுவே.

ஒப்பிடுதற்கு நூல் வேண்டுமன்றோ? 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் இலவசமாக வாசிக்கத் தருகின்றது. கருவி கூறும் ஊர்ச் செய்திகளை அங்கே சரிபார்க்கலாம். பழைய மாணவர்கள் தம் இல்லங்களிற் காத்துவரும் மலர்களையும் ஊர்க் குறிப்புக்களையும் அங்கே சேர்ப்பிப்பாராயின், நாளை நம்மூரைப் பற்றி வினவும் பிள்ளைக்குச் சான்று கிடைக்கும். வினவுதற்கு முன் கற்றலும், விடை பெற்றபின் ஆராய்தலும் நம் மாணவர்க்கு வழக்கமாகுக.