மழை நகருக்கு ஏற்ற மூட்டை

பணியின் பொருட்டுப் பெங்களூருவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பள்ளி விடுமுறை நெருங்கியதும், பேரப்பிள்ளைகளைக் காணத் திருச்சியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் தாத்தா பாட்டியர் புறப்படுவர். "அங்கே குளிருமாமே, என்ன எடுத்து வரவேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்பர். தெளிவான விடை கிடைப்பதில்லை. ஆகவே, அவர்தம் பையில் தடித்த கம்பளிச் சட்டையும் போர்வையும் ஏறும். எஞ்சிய இடத்தை முறுக்கும் அப்பளமும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் நிரப்பும். மழையில் நடப்பதற்கு வேண்டிய பொருள் ஒன்றும் இராது. வந்த மறுநாள் மழை பெய்தால், சாளரத்தின் வழியே அதனைப் பார்த்தபடியே பத்து நாள்களைக் கழித்துத் திரும்புவோரும் உளர்.

இவ்விழப்பைத் தவிர்க்க இயலும். பெங்களூருப் பயணத்துக்குக் குளிரை மட்டும் எண்ணி மூட்டை கட்டுதல் பொருந்தாது. ஈரத்தையும் நடையையும் எண்ணிக் கட்டுதலே பொருந்தும்.

மழையின் இயல்பு

பெங்களூரு, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த நகரம். ஓராண்டில் பெய்யும் மழையின் மொத்த அளவில் சென்னையே அதனை விஞ்சும். ஆயினும், சென்னை மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடும். பெங்களூருவில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். எனவே, கோடை விடுமுறையில் வந்தாலும் தசரா விடுமுறையில் வந்தாலும் மழையைச் சந்திக்க நேரும்.

இம்மழை நடப்பவருக்கு ஒரு வாய்ப்பையும் தருகிறது. இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ பெய்வதால், காலைப்பொழுது பல நாள்களில் நடைக்கு உகந்ததாக இருக்கும்.

குளிர் மிகுவது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். மழைக்கால இரவுகளில் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசு அளவில் இருக்கும். நனைந்த ஆடையுடன் காற்றில் நிற்பதே நடுக்கத்தைத் தரும். தடித்த கம்பளியோ, நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது. மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றும், உலர்ந்த மாற்றுடை ஒன்றும் போதும்.

காலுக்கு முதலிடம்

பெங்களூருவின் நடைபாதைகள் பல, மழைநீர் வடிகால்களின் மேல் பாவிய கற்பலகைகளே. சில இடங்களில் பலகை உடைந்திருக்கும். சில இடங்களில் பலகையே இராது. தண்ணீர் தேங்கிவிட்டால் பள்ளம் எது, பாதை எது என்பது புலப்படாது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்தும். அடித்தளம் தெரியாத நீரில் கால் வைத்தல் கூடாது.

ஆகவே, பயணப் பட்டியலில் முதலிடம் பெறவேண்டியது காலணி. தேய்ந்த ரப்பர்ச் செருப்பு வழுக்கும். தோல் செருப்பு நீரில் ஊறிக் கெடும். துணிக் காலணி காய்வதற்கு நாள்கள் ஆகும். அடியில் ஆழ்ந்த வரிகளும், குதிகாலைப் பற்றும் வாரும் உடைய திறந்த காலணியே ஏற்றது. புதுச்செருப்புக் கடிக்கும் ஆதலால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அதனை அணிந்து பழகுதல் நன்று. முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டெழப் பல மாதங்கள் ஆகும்.

கைக்கு விடுதலை

அடுத்து வருவது மழைக்காப்பு. குடை ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். காற்று வீசினால் மடங்கும். நெரிசலில் பிறர் கண்ணைக் குத்தும். தடுமாறும்போது பற்றிக்கொள்ளவும், பேரப்பிள்ளையின் கையைப் பிடிக்கவும் இரண்டு கைகளும் வேண்டும். நாற்று நடும் உழவர் இதனை முன்பே அறிந்திருந்தனர். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலைமேல் இட்டுக்கொண்டு, மழையிலும் இரு கைகளாலும் வேலை செய்தனர். அக்கொங்காணியின் இக்கால வடிவமே தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டை. ஆளுக்கொரு மழைச்சட்டையும், தூறலுக்காகக் குடும்பத்துக்கு ஒரு குடையும் போதுமானவை.

துவட்டிக்கொள்ளத் தடித்த டர்க்கித் துண்டு வேண்டா. விரைவில் காயும் ஈரிழைத் துண்டு இரண்டு நன்று. நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் நீர் புகாத டப்பாவில் வைத்தல் வேண்டும். கர்நாடகத்தில் நெகிழிப் பைகளுக்கு 2016 முதல் தடை உள்ளது. துணிப்பை ஒன்று உடன் வரட்டும். பழைய செய்தித்தாள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நனைந்த காலணிக்குள் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும்.

"பாட்டி சுட்ட முறுக்குக்கு ஈடு உண்டா?" என்று சிலர் வினவுவர். இல்லைதான். ஆயினும், அன்புக்கு ஒரு டப்பா போதும். அப்பளமும் ஊறுகாயும் பெங்களூருக் கடைகளிலேயே கிடைக்கும். பாட்டியின் காலுக்குப் பழகிய காலணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

நடக்கத் தகுந்த இடங்கள்

பெங்களூரு முழுவதும் நடைக்கு ஏற்றது என்று கூறுதல் மிகை. ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் முன்பு மழைநீரைத் தாங்கின. அவை தூர்ந்தும் சுருங்கியும் போன இடங்களில் நீர் தெருவுக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. எனவே, இடம் தேர்ந்து நடத்தல் வேண்டும்.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் தோட்டம் அத்தகைய இடங்களுள் ஒன்று. 1889-இல் எழுந்த கண்ணாடி மாளிகையையும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான பாறையையும் அங்குக் காணலாம். 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவும் அகன்ற நிழற்பாதைகள் உடையது. இவ்விரண்டுக்கும் அருகில் மெட்ரோ நிலையங்கள் உள்ளன. இடி முழங்கத் தொடங்கினால் மட்டும் மரத்தடியில் நில்லாது, உடனே கட்டடத்தினுள் சென்றுவிடவேண்டும்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்த அச்சிலை 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர், எடையே இல்லாத ஒரு பொருளையும் உடன் கொண்டு செல்லலாம். அது கன்னடச் சொற்கள் சில. மழையைக் கன்னடர் 'மளே' என்பர். குடையைக் 'கொடே' என்பர். பழங்கன்னடத்தில் ழகர ஒலியும் இருந்தது. வழி கேட்கும் முதியவருக்கு இந்த நெருக்கம் துணிவைத் தரும்.

பிள்ளைகளின் பொறுப்பு

எந்தத் தெருவில் நீர் தேங்கும், எந்தப் பலகை ஆடும் என்பதை நாள்தோறும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளே நன்கு அறிவர். ஆகவே, பயணப் பட்டியலை எழுதி அனுப்பும் பொறுப்பும் அவர்களுடையதே. அதில் முதல் வரி காலணியாகவும், இரண்டாம் வரி மழைச்சட்டையாகவும் அமையட்டும். முறுக்கு கடைசி வரியில் இருக்கட்டும்.

சிந்தித்து எழுதுக

1. சென்னை மழைக்கும் பெங்களூரு மழைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. குடையினும் மழைச்சட்டையே நடைக்கு ஏற்றது என்னும் கருத்தை ஏற்கிறீரா? காரணம் தருக.
3. உம் வீட்டுக்கு வரவிருக்கும் தாத்தா பாட்டிக்கு ஐந்து பொருள்கள் கொண்ட பட்டியலைக் காரணங்களுடன் கடிதமாக எழுதுக.