பழைமையும் பராமரிப்பின்மையும்

ஆயிரக்கணக்கான மென்பொருட் பொதிகளைத் தொகுத்தளிக்கும் லினக்ஸ் வழங்கல்களிற் பழைய பொதிகள் யாவும் களையப்படவேண்டியன என்பது ஒரு சாராரின் வாதம். பதிப்பெண் பழையதாயின் பொதியும் பழுதுற்றதே என்பது அவர்தம் துணிபு. பழைமையையும் பராமரிப்பின்மையையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமே இதன் அடிப்படை.

1993 இல் தொடங்கப்பெற்ற டெபியன் வழங்கலின் நடைமுறை இம்மயக்கத்தைத் தெளிவிக்கவல்லது. அதன் நிலையான வெளியீட்டிற் பொதிகளின் பதிப்புகள் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய பதிப்பிலேயே இணைக்கப்படுகின்றன. எண்ணை மட்டும் நோக்குபவருக்கு இவ்வுழைப்புப் புலனாவதில்லை.

புதியது பாதுகாப்பானது என்னும் நம்பிக்கையை 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் தகர்த்தது. தரவுகளைச் சுருக்க உதவும் அப்பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய அன்றைய புத்தம்புதிய பதிப்புகளிலேயே, கணினிக்குள் அத்துமீறி நுழைவதற்கான இரகசிய வழி புகுத்தப்பட்டிருந்தது. டெபியனின் நிலையான வெளியீட்டிலிருந்த 5.4.1 பாதிப்புறவில்லை. ஊதியமின்றிப் பல்லாண்டு தனித்து உழைத்துக் களைத்திருந்த பராமரிப்பாளரிடம், உதவ வந்தவராக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவரே இதனைச் செய்தார். புதிய பதிப்பு ஏன் தாமதிக்கின்றதென அப்பராமரிப்பாளரை 2022 இல் நெருக்கிய குரல்களும் அவ்வஞ்சகருக்கே வழிசமைத்தன.

இதனாற் பழையன யாவும் பேணப்படவேண்டும் என்பது பெறப்படாது. பைதன் 2 இற்கான ஆதரவு 2020 சனவரி 1 உடன் முடிவுற்றது. அதனைச் சார்ந்திருந்த பொதிகள் படிப்படியாக மாற்றப்பட்டும் நீக்கப்பட்டும், 2023 இல் வெளிவந்த டெபியன் 12 இல் அது முற்றாகக் கைவிடப்பட்டது. திருத்துவாரற்ற பொதியை உபகாரமெனக் கருதித் தொடர்ந்து வழங்குவது, பயன்படுத்துவோரை ஏமாற்றுவதாகும்.

எனவே நேர்மையான வழி யாது? பராமரிப்பாளர் விலகியதும் பொதியை அநாதையெனப் பகிரங்கமாக அறிவித்து, பொறுப்பேற்போரை அழைக்கும் வழக்கம் டெபியனில் உண்டு. எவரும் முன்வராது குறைகள் பெருகுமிடத்து நீக்குதல் நியாயமே. ஆயின் அவ்வழைப்பைக் கேளாது இருப்போர் யாவர்? அப்பொதிகளின்மேற் தம் பணிகளைக் கட்டியெழுப்பி இலாபமீட்டும் நிறுவனங்களும், அவற்றைக்கொண்டே பாடம் நடத்தும் பல்கலைக்கழகங்களும் அல்லவா? மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் உரிமை வழங்கப்பட்டிருக்க, பயனை மட்டும் ஏற்று உழைப்பை ஒருசிலர் தலையிற் சுமத்துவோர் பொதிகளின் பழைமையைப் பழித்தற்கு உரிமையற்றவர். ஒவ்வொரு கணினித்துறையும் தான் நாளும் பயன்படுத்தும் ஒரு பொதியையேனும் பேணும் பொறுப்பை ஏற்குமாயின், அநாதைப் பொதிகளின் பட்டியல் குறுகத் தொடங்கும்.