கஞ்சாவுக்குப் பலூன் இல்லை

"மச்சான், சாராயம் அடிச்சிட்டு ஓடுறவன்தான் இடிப்பான். இது அடிச்சவன் மெதுவாத்தான் போவான்." உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இந்த வசனத்தைக் கேட்காத இளசுகள் குறைவு. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் டொலர் வரும், சுற்றுலா வளரும் என்ற கதையோடு சேர்ந்தே இதுவும் உலாவுகிறது. டொலர் கதையில் வாதாட இடமிருக்கு. இந்த மெதுவாப் போற கதை பாதி உண்மை. ஏ6 வீதியில் அந்தப் பாதி உண்மை ஆளைக் கொல்லும்.

2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைப்பதாக ரணில் விக்கிரமசிங்க சொன்னார். சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே இதற்காகப் பகிரங்கமாகவே குரல் கொடுத்தார். 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்காக வளர்க்க முதற்கட்ட அனுமதியும் கிடைத்தது. உள்ளூரில் அடிப்பது இன்றும் குற்றம்தான். நாளைக்கு அதையும் திறந்துவிடச் சொல்பவர்கள் வரட்டும், பேசலாம். ஆனா அவர்களுடைய பேச்சில் வீதி எங்கே?

கஞ்சா அடித்தவர் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பார், சரி. ஆனால் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே பாய்ந்தால், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை நின்றால், பிரேக்கில் கால் போக எடுக்கும் நேரம் கூடிவிடும். வண்டி லேனுக்குள் ஆடும். ஒரே நேரத்தில் இரண்டு விசயங்களைக் கவனிக்க முடியாது. சீனக்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு எதிரே வரும் லொறிக்கு முன்னால் இதெல்லாம் சின்ன விசயமில்லை.

2022இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்று வழமையாகக் கஞ்சா பாவிக்கும் 191 பேரை சிமுலேட்டரில் வாகனம் ஓட்டவைத்தது. சிலருக்கு உண்மையான கஞ்சா, சிலருக்குப் போதையில்லாத போலி. ஒன்றரை மணித்தியாலத்தில், உண்மையான கஞ்சா அடித்த பலர் "இப்ப ஓடலாம்" என்று நினைத்தார்கள். அவர்களின் ஓட்டமோ இன்னும் தேறவில்லை. நாலரை மணித்தியாலம் கழிந்தபோதுதான் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அதாவது "நான் ஓகே மச்சான்" என்று ஒருத்தன் சொல்லுற நேரம்தான் ஆபத்தான நேரம்.

"அதுக்குத்தானே தடை இருக்கு" என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. தடை யாரைப் பிடிக்கிறது? சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருப்பவனை. சாராயத்துக்குப் பலூன் இருக்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எல்லையும் இருக்கிறது. கஞ்சாவுக்கு அப்படி நம்பக்கூடிய அளவுகோல் இல்லை. அதே ஆய்வில் இரத்தத்தில் இருந்த அளவுக்கும் ஓட்டம் கெட்ட அளவுக்கும் பொருத்தம் காணப்படவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை இன்னும் மோசம்: வழமையாகப் பாவிப்பவரை வாரக்கணக்கில் காட்டிக்கொடுக்கும், இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்று சொல்லாது. போன கிழமை அடித்தவனும் இப்போது அடித்துவிட்டு ஹாண்டிலைப் பிடிப்பவனும் அதற்கு ஒன்று.

திறந்துவிட்ட நாடுகளில் என்ன நடந்தது? கனடா 2018இல் சட்டபூர்வமாக்கியபோது வாகனச் சட்டத்தையும் கூடவே மாற்றியது. வீதியோர உமிழ்நீர்ப் பரிசோதனைக்கு வழி செய்தது. அமெரிக்காவில் கொலராடோ, வொஷிங்டன் மாநிலங்களைப் பற்றிய 2017 ஆய்வு உயிரிழப்பு விபத்துகளில் பெரிய மாற்றம் காணவில்லை. பல மாநிலங்களைப் பார்த்த பிந்திய ஆய்வு, காயம் ஏற்படும் விபத்துகள் ஏறத்தாழ 6 வீதமும் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 வீதமும் கூடியதாகச் சொன்னது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடும் இருந்தது. உலகம் அழியவில்லை, உண்மைதான். ஆனால் இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு 2,000க்கு மேல் சாகிறார்கள். 2,000இல் 4 வீதம் என்றால் 80 பேர். அவர்களுடைய கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. பாதி மோட்டார் சைக்கிளும் ஓட்டோவுமான நம் வீதியில் அது குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆகவே சட்டத்தைத் தளர்த்தக் கேட்பவர்கள் முதலில் வீதிக்குப் பதில் சொல்லட்டும். சாரதியின் நிலையைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற போக்குவரத்துப் பொலிஸார் வேண்டும். உமிழ்நீர்ப் பரிசோதனை வேண்டும். அடித்தவனையும் அடித்துவிட்டு ஓடுபவனையும் பிரித்துப் பார்க்கும் சட்டம் வேண்டும். இரவு முழுக்க லொறியும் பஸ்ஸும் ஓடுபவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும். களைப்போடு போதையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் தடை இருக்கும்போதே செய்யக்கூடியவை. செய்யாமல் திறந்துவிடுவதும் தப்பு, செய்யாமல் தடையைக் காட்டிக்கொண்டு இருப்பதும் தப்பு.

அதுவரைக்கும் நம்மட கையில இருக்கிறது ஒண்டுதான். அடிச்சவனிட்ட இருந்து சாவியை வாங்குங்க. அவன்ர பின் சீட்டில ஏறாதீங்க. கோவிப்பான், ரெண்டு நாள் கதைக்கமாட்டான். பரவாயில்லை, மூண்டாம் நாள் கதைக்க அவன் இருப்பான்.