சுருள்வில் தேர்வு

நம் ஊர்ப்புறங்களில் வில்வண்டி என ஒன்று உண்டு. பாரவண்டியினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுவது, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகளாலாகிய வில்லே. மாடு அதுவே, நுகம் அதுவே, சக்கரமும் பெரும்பாலும் அதுவே. வில் ஒன்று புகுந்தமையால் வண்டியின் பெயரே மாறிற்று. அவ்வில் எற்றுக்கு என வினவின், அமர்ந்திருப்பார் குலுங்காமைப்பொருட்டு என்று சிறுவனும் விடையிறுப்பான். ஆயின் எம்மனைய இளைஞர் தம் வீட்டுச் சிறு மோட்டார் வண்டிக்கு வேறு வில் தேடப் புகுங்கால் முதற்கண் வினவுவது, ‘வண்டி எத்துணை தாழும்?’ என்பதே. அவ்வினா முதலில் நிற்கத் தகுவதன்று என்பதே ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது.

தாழ்த்தும் வில் இன்னதென அறியாத அன்பரும் இம்மலரைப் படிப்பராதலின் சிறிது விளக்குதல் வேண்டும். இக்காலச் சிறு வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஒரு சுருள்வில் நின்று வண்டியின் உடலைத் தாங்குகின்றது. இதனையே பட்டறையில் ஸ்பிரிங் என்பர். அதனைக் கழற்றிவிட்டுக் குட்டையானதும் சற்று விறைப்பானதுமாகிய வேறொன்றை வைப்பின், உடல் தரையை நோக்கித் தாழும். 30 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் எனத் தாழும் அளவைக் குறித்தே இவை விற்கப்படுகின்றன. சக்கரத்திற்கும் அதன் மேலுள்ள தகட்டு விளிம்பிற்கும் நடுவே தோன்றும் வெற்றிடம் குறைந்து, வண்டி பாய்வதற்குப் பதுங்கிய விலங்கெனக் காட்சி தரும். அக்காட்சி அழகியதே. அதனை அழகன்று எனக் கூறும் முதியோரோடு யாம் உடன்படோம்.

அழகேயன்றிப் பயனும் சிறிது உண்டு. வளைவில் விரையும் வண்டியின் எடை உட்புறச் சக்கரங்களினின்று வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பெயர்கின்றது. அங்ஙனம் பெயரும் எடை, வண்டியின் எடைமையம் தரையினின்று எத்துணை உயரத்தில் உள்ளதோ அதற்கேற்ப மிகும். அவ்வுயரம் 550 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தின், பெயரும் எடை பதினெட்டில் ஒரு பங்கு குறையும். பந்தயத்தில் ஓடுவார்க்கு இது பேறே. கடைத்தெருவுக்குச் சென்று மீள்வார்க்கு இதனால் விளையும் நன்மையை யாம் அறியேம்.

இனி, இழப்பினை நோக்குவோம். வில்லின் இயல்பை முதன்முதல் விதியாக வகுத்தவர் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர். 1676-இல் அவ்விதியின் எழுத்துக்களை முறைமாற்றி ஒரு புதிராக அச்சிட்டு, 1678-இல்தான் அதன் பொருளை அவர் வெளியிட்டார். நம் சித்திரகவிப் புலவர் இதனைக் கேட்பின் பெரிதும் மகிழ்வர். விதியோ மிக எளிது: சுமை எவ்வளவோ அவ்வளவு சுருக்கம். ஒரு மூலையில் 300 கிலோ சுமையும், மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ தாங்கும் வில்லும் உள்ளன எனக் கொண்டால், வில் 120 மில்லிமீட்டர் சுருங்கி நிற்கும். அதனினும் நூற்றுக்கு முப்பது பங்கு விறைப்பான வில்லை அங்கு வைத்தால் ஏறத்தாழ 92 மில்லிமீட்டரே சுருங்கும். நீளம் ஒன்றாயின் வண்டி தாழ்வதற்கு மாறாக 28 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். ஆகவே வண்டி 30 மில்லிமீட்டர் தாழவேண்டுமெனின், வில்லின் சுமையற்ற நீளத்தை 58 மில்லிமீட்டர் குறைத்தல் வேண்டும். தாழ்த்துதலும் விறைப்பாக்குதலும் ஒன்றோடொன்று முரணுவன என்பதும், இரண்டனையும் ஒருங்கமைத்தல் கணக்கறிந்தார் தொழில் என்பதும் இதனாற் போதரும்.

இவ்விரண்டனையும் ஏன் ஒருங்கமைத்தல் வேண்டும்? மெல்லிய வில்லையே குட்டையாக்கி வைத்தால் ஆகாதோ எனின், ஆகாது. சக்கரம் ஒரு மேட்டில் ஏறுங்கால் மேனோக்கி எழுவதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் ஒரு ரப்பர்த் தடை இருக்கின்றது. பட்டறையார் அதனைப் பம்ப் ஸ்டாப்பர் என்பர். நிலையாக நிற்கும் வண்டியில் அத்தடைக்கு 70 மில்லிமீட்டர் இடைவெளி உளதாகக் கொள்வோம். வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தியவுடன் எஞ்சுவது 40. முன்னர் 70 மில்லிமீட்டரில் விழுங்கிய அதிர்ச்சியை இப்பொழுது 40 மில்லிமீட்டருக்குள் விழுங்குதல் வேண்டும். வில் விழுங்கும் ஆற்றல் சுருக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அதற்கு வில் மூன்று மடங்கு விறைப்பாதல் வேண்டும்! கடையில் விற்கும் வில்லோ நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவிற்கே மிகை விறைப்புடையது. மூன்று மடங்கு விறைப்பான வில்லை விற்பின் வாங்கியவர் மறுநாளே திருப்பித் தருவர். எஞ்சிய அதிர்ச்சி எங்குச் செல்லும்? ரப்பர்த் தடையில் மோதி, அதனைக் கடந்து, வண்டியின் உடலிலும், பின்னிருக்கையில் அமர்ந்த தாயார் முதுகிலும் சென்று சேரும். 15 மில்லிமீட்டர் மட்டுமே தாழ்த்துவதாயின் இதே கணக்கில் வேண்டப்படும் விறைப்பு ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேல். தாழ்வு இரட்டித்தால் துன்பம் இரட்டிப்பதோடு நில்லாது என்பதைக் கணக்கே காட்டுகின்றது.

வில்லை மட்டும் மாற்றி, ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வடக்கியைப் பழையதாகவே விடுவாரும் பலர். நூற்றுக்கு முப்பது விறைப்பு மிகுந்தால், ஆட்டம் முன்போல் அடங்குதற்கு அடக்கும் வலிமையும் நூற்றுக்குப் பதினான்கு அளவில் மிகுதல் வேண்டும். ஐம்பதினாயிரம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்த அதிர்வடக்கியில் அம்மிகை எங்ஙனம் உளதாகும்? மேலும், மக்ஃபெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் பெயரால் வழங்கும் முன்சக்கர அமைப்பையுடைய வண்டியில், அளவிறந்து தாழ்த்தின் கீழ்க்கைகள் தம் சாய்வு மாறிவிடும். வண்டி பக்கவாட்டிற் சாய்தற்குரிய மையம் எடைமையத்தினும் விரைந்து கீழிறங்கும். சாய்வைக் குறைக்கக் கருதிச் செய்த செயல் சாய்வைத் தூண்டுவதாக முடியும். சில வண்டிகளில் பின்புற உயரத்தைக் கொண்டே சுமையை அளந்து பின்சக்கரத்திற்குப் பிரேக்கைப் பங்கிடும் கருவி உண்டு. அவ்வண்டியைத் தாழ்த்தினால், வண்டி நிறையச் சுமை ஏறியிருப்பதாகக் கருதி அக்கருவி ஏமாறும். ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் முன்னரே பூட்டிக்கொள்ளும். இவையெல்லாம் விற்பனையாளர் காட்டும் வண்ணப் படங்களில் இடம்பெறுவன அல்ல.

இவ்வில்லுக்குப் பேர்போன நாடு ஜெர்மனி. அங்கே பின்னென்ட்ராப் என்னும் சிற்றூரில் 1951-இல் தோன்றிய ஐபாஹ் நிறுவனம் இன்று உலகெங்கும் வில் விற்கின்றது. அந்நாட்டு வழக்கத்தில் எம்மைக் கவர்ந்தன இரண்டு. ஒன்று, வில்லோடு ஒரு சான்றிதழும் வருகின்றது. எவ்வண்டிக்கு, முன்னச்சில் எவ்வளவு எடைவரை, பின்னச்சில் எவ்வளவு எடைவரை அது பொருந்தும் என்பன அதன்கண் எழுதப்பட்டிருக்கும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட எடை மிக்கதாகலின், ஒரே வண்டியின் இருவகைக்கும் வில் வேறாவதுண்டு. மற்றொன்று, வண்டியைச் செய்தவரே காட்டும் அடக்கம். வோக்ஸ்வாகன் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஏழாம் தலைமுறைக் கோல்ஃப் ஜி.டி.ஐ., விரைவுக்கென்றே அமைந்த வண்டி; அதனை அவர்கள் ஏனைய கோல்ஃபைவிடத் தாழ்த்தியது 15 மில்லிமீட்டரே. அந்நாட்டுச் சாலையில், அப்பொறியாளர் தம் கைப்பட அமைத்த அதிர்வடக்கியோடு, 15! நம் நாட்டில் தந்தையார் பெயரில் உள்ள வண்டிக்கு நாற்பது கேட்பார் எக்கணக்கு நோக்கிக் கேட்கின்றனரோ அறியோம்.

நம் சாலைக்கு வருவோம். 2010 முதல் 2022 வரை இந்தியாவில் விற்ற போலோ வண்டி, தாழ்த்த விரும்புவார் பெரிதும் நாடும் சிறு வண்டிகளுள் ஒன்று. அதன் அடிவயிறு தரையினின்று ஏறத்தாழ 165 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. சக்கர அச்சுக்களின் இடைத்தூரம் ஏறத்தாழ 2.46 மீட்டர். வேகத்தடை எவ்வாறிருத்தல் வேண்டும் என இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதியில், நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மேற்பரப்பு மெல்ல வளைந்தது எனக் காண்கிறோம். அத்தகைய தடையின் உச்சி வண்டியின் நடுவே வருங்கால் இரு சக்கரங்களும் தடையின் மேலேயே நிற்கும். ஆதலின் அடிவயிற்றை நோக்கி எழும் மேடு 45 மில்லிமீட்டரே. தாழ்த்திய வண்டியும் தடையின்றிக் கடக்கும். விதிப்படி அமைந்த தடை எங்கே உளது என்பதே வினா. எம் கல்லூரிக்கு வரும் சாலையில் உள்ளவை ஓர் அடி அகலமும் ஏறக்குறைய அரையடி உயரமுமாக, இரவோடிரவாகக் கொட்டிய தார்க்கட்டிகள். அவை இரு சக்கரங்களுக்கும் நடுவே முழு உயரத்தோடு நிற்கும். தாழ்த்தாத வண்டியே நால்வரோடும் பெட்டிகளோடும் அவற்றைத் தொட்டுச் செல்லுமாயின், 30 மில்லிமீட்டர் தாழ்ந்த வண்டியின் எண்ணெய்த் தட்டு என்னாம்? மழைக்காலத்தில் நீர் நிறைந்து ஆழம் தெரியாத குழிகளைப் பற்றி யாம் கூறவேண்டியதில்லை.

புறநானூற்றில் ஔவையார் பாடிய உமணரைத் தமிழ் மாணவர் மறந்திரார். பண்டம் மிக ஏற்றிய வண்டி; நுகம் பழகாத இளைய எருதுகள்; வழியிற் பள்ளமும் மேடும் எங்கெங்கு உளவோ யார் அறிவார் எனக் கருதி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டே அவர் புறப்பட்டனர். வில்லின் எல்லைக்குள் எஞ்சி நிற்கும் அந்த 70 மில்லிமீட்டரும் அத்தகைய சேமமே. பெரும்பாலான நாட்களில் அது வேண்டப்படாது. ஆதலினாலேயே அதனை வெட்டி எறிதற்குக் கை நீளுகின்றது.

வெட்டுதல் என்பதை ஈண்டு உவமையாக மட்டும் கூறினோமல்லோம். புதிய வில் வாங்கப் பொருளில்லாத எம் விடுதி அன்பர் ஒருவர், பட்டறை ஒன்றில் பழைய வில்லிலேயே ஒரு சுற்றை அறுத்துவிட்டு வந்தார். அறுத்த முனை தன் கிண்ணத்தில் அமையாது சாய்ந்து நின்றது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதெல்லாம் வில் இடம்பெயர்ந்து ஓசை செய்தது. இரண்டு திங்களுக்குள் டயரின் உட்புறம் துணி தெரியத் தேய்ந்தது. அலைன்மென்ட் பார்ப்பவர் கோணத்தைச் சரிசெய்ய இயலாதெனக் கைவிரித்தார். நெருப்பிற் காய்ச்சி வில்லை அமுக்குவாரும் உளர் எனக் கேள்வி. அங்ஙனம் காய்ச்சிய எஃகு தன் பதத்தை இழக்குமாதலின், பின்னர் அது வில்லாகாது.

சட்டமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியின்றி உறுப்புக்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளர்க்கு ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, ஆறு திங்கள்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கின்றது. பதிவுச் சான்றில் வில்லின் உயரம் எழுதப்படவில்லையே என வழக்காடும் நண்பர் உளர். வழக்காடுக, ஆயின் விபத்து நேர்ந்த பின்னர்க் காப்புறுதி நிறுவனத்தின் முன் அவ்வழக்கை நடத்த நேரின் தந்தையாரே நடத்தவேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே வீட்டு வண்டிக்கு யாம் கூறுவது இது. வண்டி தளர்ந்து ஆடுகின்றதாயின் நான்கு அதிர்வடக்கிகளையும் அவற்றின் மேற்பிடிகளையும் புதுப்பித்து, நல்ல டயர் இட்டு, உற்பத்தியாளர் குறித்த வில்லையே வைத்துக்கொள்க. தாழ்த்தும் வில்லுக்குச் செலவிடக் கருதிய தொகையில் பெரும்பகுதி இதற்கே போதும். வளைவில் வண்டி நிற்கும் நிலையும் திருந்தும். விரைவிலும் தாழ்விலும் மெய்யான விருப்பம் உடையார்க்கு இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் விளங்குவதுமாகிய பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே வேகத்தடை இல்லை. பின்னிருக்கையில் எவரும் இல்லை. அத்தடத்திற்கென வண்டி அமைப்பார் வில் வாங்கச் செல்லுங்கால், எத்துணை தாழும் என்பதைக் கடைசியிற் கேட்க. தாழ்த்திய பின்னர்ச் சக்கரம் எழுதற்கு எத்துணை இடம் எஞ்சும், மில்லிமீட்டருக்கு எத்துணை கிலோ தாங்கும், முன்னச்சிலும் பின்னச்சிலும் எவ்வெடைக்கு அமைந்தது, எந்த அதிர்வடக்கியோடு சோதித்தது என்பவற்றை முதலிற் கேட்க. இவற்றுக்குக் கடைக்காரர் விடை கூறாது வண்ணப் படத்தையே மீண்டும் காட்டுவாராயின், பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறுக.