மார்கழியில் ஒரு சின்ன மகிழ்ச்சி



மாரி மழையில் முற்றம் ஊறிப்போய்க் கிடக்கிறது. கிணறுகள் நிரம்பிவிட்டன. வன்னி வயல்களில் காலபோக நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. பிள்ளைகளோ விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். டிசம்பர் மாதத்தையும் மார்கழி என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பிள்ளையார் கதையும் திருவெம்பாவையும் நத்தாரும் அடங்கிவிடுகின்றன. அவை முடிய வருடப்பிறப்பு, அதன் பின்னால் தைப்பொங்கல்.

ஆனால், எங்களில் பலருக்கு இந்த மாதம் இலேசாக விடிவதில்லை. மழை இருட்டினாலே 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த இரவு நினைவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு மாரியில் வன்னியில் தறப்பாளின் கீழ் வெள்ளத்துக்குள் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளிலும் உள்ள சகோதரிகளுக்கு நத்தாருக்கு மறுநாள் என்றால் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26தான். ஒரு காலைப்பொழுதில் கடல் கொண்டுபோனதை அவர்கள் எப்படி மறப்பார்கள்?

"இவ்வளவையும் இழந்துவிட்டு எனக்கென்ன கொண்டாட்டம்?" என்று கேட்கும் தாய்மாரை எல்லா ஊர்களிலும் காணலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே வீட்டில் ஒரு பிள்ளையும் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் யோசிக்க வேண்டும். அது அடுத்த வீட்டில் பலகாரம் சுடும் மணத்தை மோந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் சிரிப்பது தவறு என்று அந்தப் பிள்ளை நினைத்து வளரக்கூடாது. போனவர்கள் எங்களை நேசித்தவர்கள். நாங்கள் ஒரு வாய் இனிப்புச் சாப்பிடுவதால் அவர்களுக்கு நாங்கள் துரோகம் செய்ததாகிவிடாது.

மகிழ்ச்சி என்றவுடன் புதுச்சட்டை, கேக், பட்டாசு என்றுதான் மனம் ஓடுகிறது. எங்கள் மண்ணின் மார்கழி அவ்வளவு செலவு கேட்பதில்லை. ஆவணி, புரட்டாதியில் பாத்தி போட்ட பனங்கொட்டைகள் இப்போது கிழங்கு விட்டிருக்கும். மார்கழி பிற்பகுதியிலும் தையிலும் அவற்றைக் கிண்டலாம். கிழங்கு கிண்டும் நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் பூரானை எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பார்கள். கிழங்கைச் சுட்டோ அவித்தோ தின்னலாம். மிஞ்சியதை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல்.

ஒடியல் மா கையில் இருந்தால் ஒரு மழை நாளில் கூழ் காய்ச்சுங்கள். மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்து ஊற்றினால் கசப்புக் குறையும். மலிவாகக் கிடைக்கும் மீன், நண்டு, கொஞ்சம் பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, ஒரு பிடி முருங்கையிலை, புளி, அரைத்த செத்தல் மிளகாய் இருந்தால் போதும். கூழ் தனியே குடிக்கிற சாப்பாடு அல்ல. பானையைச் சுற்றி நாலு பேர் இருந்தால்தான் அதற்கு ருசி. தனியாக இருக்கும் அடுத்த வளவு ஆச்சியையும் கூப்பிடுங்கள்.

கூழுக்கு வழியில்லாவிட்டாலும் பரவாயில்லை. மழை கொட்டும்போது ஒரு கை கச்சானை வறுத்துப் பிள்ளைகளோடு இருந்து கொறிக்கலாம். ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கலாம். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு வருவோரின் சத்தத்தைப் படுக்கையில் கிடந்தபடியே கேட்கலாம். இரவில் கரோல் பாட்டுடன் வரும் பிள்ளைகளுக்கு வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைக்கலாம். ஊரடங்குச் சட்டமும் இருட்டும் பயமும் இருந்த காலங்களில் இந்த இரண்டு சத்தத்துக்கும் ஏங்கியவர்கள் நாங்கள். இருட்டில் ஆட்கள் பாடிக்கொண்டு நடந்து வருவதே பெரிய காரியம் அல்லவா?

கிறிஸ்தவ வீடுகளில் பாலன் குடிலைக் கடையில் வாங்க வேண்டுமென்றில்லை. வைக்கோலும் களிமண்ணும் பழைய கடதாசிப் பெட்டியும் போதும். பிள்ளைகள் கையால் செய்த குடிலில் ஆட்டுக்குட்டி நாயைப் போல இருந்தாலும் அழகுதான். முஸ்லிம் சகோதரிகளுக்கு இது பெருநாள் மாதமாக இராவிட்டாலும், பிள்ளைகளின் விடுமுறை எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு தட்டுப் பலகாரம் வேலி தாண்டிப் போய், வேறொரு பலகாரத்துடன் திரும்பி வருவது எங்கள் ஊர்களின் பழைய வழக்கம். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்து வீடு யாருடையது என்று அவர்களும் அறிந்துகொள்வார்கள்.

இங்கே இன்னொன்றையும் மனம் திறந்து கதைக்க வேண்டும். கணவனை இழந்தவள் நல்லநாளில் முன்னுக்கு வரக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, பொங்கல் பானையைத் தொடக்கூடாது என்ற பேச்சு இன்னும் முற்றாக ஒழியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இது இரட்டை வேதனை. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவுகளைத் தேடித் தொடர் போராட்டம் தொடங்கியது. அதற்குப் பின்னும் எத்தனையோ தாய்மார் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். பதில் வரும்வரை ஒரு பெண் எத்தனை மார்கழிகளை மூலைக்குள் இருந்து கழிப்பது?

வீட்டைத் தனியே சுமந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, அடுப்பை அணையாமல் வைத்திருப்பவள் நீங்கள். அந்த வீட்டுப் பானையில் அரிசி போட உங்களை விட உரிமை உள்ளவர் யார்? வராதவருக்காக ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். அவருக்குப் பிடித்த பலகாரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். அப்பாவுக்கு இது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகாரத்தைப் பகிருங்கள். அழுகைக்கும் இனிப்புக்கும் ஒரே வீட்டில் இடம் உண்டு.

கடைசியாகக் கடன் பற்றி ஒரு வார்த்தை. பண்டிகைக்கு உடுப்பு எடுக்க என்று வாங்கிய நுண்கடன், பண்டிகை முடிந்து பல மாதம் வரை கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் எங்கள் கையை இன்னும் இறுக்கியிருக்கின்றன. ஒரு நாள் சந்தோசத்துக்காக ஒரு வருடத்து நித்திரையை அடகு வைக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக இந்த முறை ஐந்து வீட்டார் சேர்ந்து பாருங்கள். ஒருவர் பயறு, ஒருவர் அரிசிமா, ஒருவர் தேங்காய், ஒருவர் சீனி கொண்டுவரட்டும். ஒன்றும் கொண்டுவர முடியாதவர் விறகோடும் கைவேலையோடும் வரட்டும். எண்ணெயில் பொரிக்க வசதியில்லாவிட்டால் பயற்றம் உருண்டை பிடிக்கலாம். வறுத்தல், இடித்தல், அரித்தல், உருட்டல் என்று ஒரு பின்னேரம் கதையோடு போய்விடும். செய்ததை ஐந்தாகப் பங்கிடுங்கள். விறகு கொண்டுவந்தவருக்கும் அதே பங்கு.

அடுத்த வருடத்துக்கும் இப்போதே வழி செய்யலாம். நம்பிக்கையான பத்துப் பேர் சேர்ந்து மாசி முதல் கார்த்திகை வரை மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால், மார்கழியில் ஒவ்வொருவர் கையிலும் 5,000 ரூபாய் இருக்கும். அந்தக் காசை வீட்டில் வைக்காமல் தபாற்கந்தோர்ச் சேமிப்பிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ போடுங்கள். கணக்கை இரண்டு பேரின் பெயரில் திறந்து, கொப்பியில் எழுதி எல்லாருக்கும் காட்டுங்கள். 500 முடியாதவர் 100 போடட்டும். தொகை சிறிதென்றாலும் அது வட்டியில்லாத காசு, உங்கள் சொந்தக் காசு.

சகோதரிகளே, எங்களிடமிருந்து பறிபோனவை எல்லாம் எங்களைக் கேட்டுப் போகவில்லை. இந்தச் சின்ன மகிழ்ச்சிகள் மட்டும் எங்கள் கையில் இருக்கின்றன. இந்த மார்கழியில் ஒரே ஒரு பின்னேரத்தையாவது உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணியை ஆறவிடாமல், இருந்து குடியுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.