சயனைடு மேட்டில் ஓர் அஸ்தமனம்

சனிக்கிழமை மாலை நாலரை மணி. கோலார் தங்க வயலில் கோரமண்டல் பக்கம் உள்ள ஏதாவது ஒரு பெட்டிக்கடை. பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடிவந்த மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர் பாட்டில், பிறகு கேள்வி. கேள்வி எல்லா வாரமும் ஒன்றுதான்: "அண்ணா, சினிமா எடுத்த மலைக்கு எப்படிப் போகணும்?"

"அது மலை இல்ல தம்பி, மேடு" என்று திருத்திவிட்டுத்தான் வழி சொல்வார்கள் இங்குள்ளவர்கள். திருத்தத்தில் விஷயம் இருக்கிறது. மலை தானாக உண்டாவது. இது கொட்டியது.

2018 டிசம்பரில் 'கே.ஜி.எஃப்' என்ற கன்னடப் படமும், 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பாகமும் வெளிவந்த பிறகு இந்தியா முழுக்க இந்த ஊரின் பெயர் தெரிந்துவிட்டது. படத்தில் வரும் நராச்சி என்ற ஊர் கற்பனை. அதன் தூசியும் சாம்பல் நிறமும் மட்டும் இங்கே எடுத்தவை. பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் வண்டி ஓட்ட ஆசை. சரிவில் ஏறி, உச்சியில் நிறுத்தி, சூரியன் விழும்போது ஒரு படம். குழுவாக வந்தால் முன்பே வந்து போன ஒருவர் வழிகாட்டியாகிவிடுகிறார். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த, தடித்த டயர்கள் மாட்டிய நான்கு சக்கர பைக்குகளை இங்கே வாடகைக்கு விட்டால் நன்றாகப் பிழைக்கலாம் என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணத்துக்கு முன்மாதிரி வெளிநாட்டில் இருக்கிறது.

கேனரி தீவுகளில், சிசிலியில், பாலித் தீவில் எரிமலைச் சரிவுகள் இப்படித்தான் விற்கப்படுகின்றன. மாலையில் புறப்பட்டு இருட்டியதும் திரும்பும் பயணம். ஓட்டுநர் உரிமம் காட்ட வேண்டும். ஹெல்மெட்டும் மூக்கை மூடத் துணியும் தருவார்கள். முன்னால் வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசை. முந்தக்கூடாது, தடத்தை விட்டு விலகக்கூடாது. மேகத்துக்கு மேலே நின்று சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். டெனரீஃப் தீவின் டெய்டே எரிமலைப் பூங்காவில் இந்த வண்டிகள் தார்ச் சாலையை விட்டு இறங்க அனுமதி இல்லை. அதே கேனரி தீவுகளில் ஒன்றான லான்சரோட்டில் 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய குழம்பு உறைந்து கிடக்கும் டிமன்ஃபாயா பூங்காவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை: எரிமலைகளுக்கு நடுவே செல்லும் பாதையைப் பூங்காவின் பேருந்தில் உட்கார்ந்தபடிதான் பார்க்கலாம். மழை குறைந்த அந்த மண்ணில் ஒரு சக்கரத் தடம் பல வருடங்களுக்கு அழியாது என்பது காரணங்களில் ஒன்று.

எரிமலை தன் வேலையைக் காட்டிய நாட்களும் உண்டு. நியூசிலாந்தின் வைட் ஐலண்டில் 2019 டிசம்பர் 9 அன்று வழிகாட்டிகளோடு போன சுற்றுலாப் பயணிகள் தீவில் இருந்தபோதே எரிமலை வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். வழிகாட்டி இருந்தால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது. நம் நாட்டில் அந்தக் கவலைக்கு இடமில்லை. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அந்தமானில், பேரன் தீவில் இருக்கிறது. நீண்ட காலம் உறங்கிக் கிடந்து 1991-ல் விழித்துக்கொண்ட அந்த மலையை, ஆள் வசிக்காத அந்தத் தீவை, கப்பலில் இருந்தபடி தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் கோலாருக்கும் எரிமலைக்கும் உறவு உண்டு. சினிமாக்காரர்களும் பைக்காரர்களும் அறியாத உறவு. வடக்கு தெற்காக சுமார் 80 கிலோமீட்டர் நீண்டு, குறுக்கே சில கிலோமீட்டரே அகலமுள்ள கோலார் பாறைப் பட்டை, கிட்டத்தட்ட 270 கோடி வருடங்களுக்கு முன் கொட்டிய எரிமலைக் குழம்பு உறைந்து, பிறகு பூமியின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியது. இந்தப் பட்டையைச் சேர்ந்த பெத்தபள்ளியில் உள்ள எரிமலைச் சிதறல் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பழைய குழம்புப் பாறையின் பிளவுகளில் வெந்நீர் பாய்ந்து படிந்த வெள்ளைக்கல்லில்தான் தங்கம் இருந்தது. அதைத் தேடி 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. நூற்றிருபது வருடங்களில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்தது.

தங்கத்தோடு வந்த கல் எங்கே போனது? அதுதான் மேடு. பாறையை ஆலையில் மாவாக இடித்து, தங்கத்தை சயனைடு கரைசலில் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேறாக வெளியே விட்டார்கள். சேறு காய்ந்தது, அதன் மேல் மறுபடி சேறு. இப்படியே வளர்ந்த 13 மேடுகளில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு இருக்கிறது. ஆக மேட்டின் மேல் ஏறுகிறவர் ஒருவகையில் எரிமலைதான் ஏறுகிறார். இடித்துச் சலித்த எரிமலை.

இனி பைக் சவாரிக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்க்க மணல் குன்று போலிருக்கும். கிட்டே போனால் மணலை விடப் பொடி, விரலில் எடுத்தால் முகப்பவுடர் போல. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு மேலே ஒரு மெல்லிய ஓடு கட்டியிருக்கிறது. அப்பள ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடு உடையாதவரை தூசி ஓரளவு அடங்கிக் கிடக்கும். மழை நீர் வழிந்து வழிந்து சரிவுகளில் ஆள் உயரத்துக்கும் மேலான வாய்க்கால்களை அறுத்திருக்கிறது. ஓரங்கள் செங்குத்து. மேலே நிற்பவருக்குத் தரை கெட்டியாகத் தெரியும், கீழே குடைந்திருப்பது தெரியாது.

இதன் மேல் 300 கிலோ எடையுள்ள வண்டியை ஏற்றினால் முதலில் உடைவது ஓடு. நான்கு சக்கரம் இருப்பதால் கவிழாது என்பது புதிதாக ஓட்டுகிறவர்களின் நினைப்பு. சரிவில் குறுக்காகத் திருப்பும்போது உடம்பை மேட்டுப் பக்கம் சாய்க்கத் தெரியாவிட்டால் வண்டி உருண்டு ஓட்டியவர் மேலேயே விழும். உலகமெங்கும் இந்த வண்டிகளில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி இப்படி உருண்டு நசுங்கியவைதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் முதல் கால் மணி நேரத்தை சமதளத்தில் பயிற்சிக்கே செலவிடுவது அதனால்தான்.

விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், நஷ்டம் அவரோடு. தூசியின் கணக்கு வேறு. மேட்டின் பெயரில் சயனைடு இருப்பதால் வருகிறவர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள், அல்லது பயப்படுவது போல் சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துபோகும் பொருள். ஆலை நின்று இத்தனை வருடங்களான பிறகு பெரிய பயம் அதுவல்ல. பயப்பட வேண்டியது சாதாரண வெள்ளைக்கல் பொடிக்கு. சிலிகா என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிகா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அங்கே தழும்பு கட்டும். மூச்சு குறுகும். வருடங்கள் கழித்தே தெரியவரும் இந்த சிலிகோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே இங்குதான், 1947-ல், கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-ல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு பெங்களூர் திரும்புகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அவர் கிளப்பிய தூசி அவரோடு பெங்களூர் போவதில்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும்போது அது மேட்டுக்குக் கீழே உள்ள லைன் வீடுகளில் இறங்கும். லைன் என்றால் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்கள், நூறு வருடத்துக்கு முன்பே வந்து குடியேறிய வீடுகள். காற்றுக் காலத்தில் அங்கே துணி காயப்போட்டால் மறுபடி அலச வேண்டும், குடத்தை மூடி வைக்க வேண்டும், சோற்றுப் பானைத் தட்டை விலக்கினால் உடனே மூட வேண்டும். தாத்தா சுரங்கத்துக்குள் போய்ச் சுவாசித்ததைப் பேரன் வாசலில் உட்கார்ந்தபடியே சுவாசிக்கிறான்.

2019 ஆகஸ்டில் படத்தின் இரண்டாம் பாகத்துக்காக மேட்டில் செட் போட்டபோது, சுற்றுச்சூழல் கெடுகிறது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் வழக்குப் போட, படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லி உள்ளூர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சினிமா கம்பெனி என்றால் நோட்டீஸ் அனுப்ப முகவரி இருக்கிறது. சனிக்கிழமை மோட்டார் சைக்கிள்களுக்கு யார் அனுப்புவது?

இதையெல்லாம் சொல்லி சுற்றுலாவே வேண்டாம் என்று கதவைச் சாத்துவதும் எளிதல்ல. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அதன் பிறகு இந்த ஊரின் தொழில் ரயில் ஏறுவது என்றாகிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் விடிவதற்கு முன்பே கூட்டம் காத்திருக்கிறது. பங்காரப்பேட்டை வழியாக பெங்களூர் போய்க் கட்டட வேலை, காவலாளி வேலை, கடை வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள். 1894-ல் போட்ட இந்தக் கிளைப் பாதைதான் ஊருக்கு இன்றும் உயிர். இப்படிப்பட்ட ஊரில், வாரக் கடைசியில் நூறு பேர் வந்து டீ குடித்து பெட்ரோல் போட்டுப் போனால்கூட அது வருமானம். அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வெளியூரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இல்லை.

காட்டுவதற்கும் இங்கே விஷயம் இல்லாமலில்லை. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்த ஊர் இது. 1965-ல் பூமிக்கு அடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்த ஊர் இது. நிற்கும் தூக்கு கோபுரங்கள், ஆங்கிலேயர் கிளப், லைன் வீடுகள், பெத்தபள்ளிப் பாறை என்று நடந்தே பார்க்க ஒரு நாள் போதாது. கீழே இறங்கி வேலை பார்த்தவர்களே இன்னும் இருக்கிறார்கள். கூண்டு இறங்கும்போது காது அடைத்துக்கொள்வது எப்படி இருக்கும், பாறை வெடிப்பு வருவதற்கு முன் சத்தம் எப்படி மாறும் என்று சொல்லக்கூடியவர்கள். எட்னாவிலும் டெய்டேயிலும் வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுத்து வாங்குவது இதைத்தான். இங்கே அவர்களை யாரும் கேட்பதில்லை, மேட்டுக்கு வழி மட்டும் கேட்கிறார்கள்.

மேடுகளுக்கும் ஆயுள் எண்ணப்படுகிறது. சேற்றில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் தங்கியிருக்கிறது. தங்கம் விற்கும் விலையில் அதுவும் லாபம். 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 மேடுகளையும் மறுபடி தோண்டி அரிப்பதற்கான மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்குமா என்று ஊர் கேட்கிறது. தோண்டும்போது கிளம்பும் தூசியை எப்படி அடக்குவார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 3 கோடி டன் பொடியைக் கிளறுவதற்கு முன்னால் சில பைக் சக்கரங்கள் எம்மாத்திரம் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் தோண்டுகிறவனுக்கு நீர் தெளிக்கவும் மூடிக் கொண்டுபோகவும் சட்டம் இருக்கிறது, மீறினால் பிடிக்க அதிகாரி இருக்கிறார். விளையாட்டுக்கு ஓட்டுகிறவனுக்கு இரண்டும் இல்லை.

ஆறு மணி தாண்டுகிறது. மேட்டின் மேற்குச் சரிவு செம்பு நிறமாகி, வாய்க்கால் நிழல்கள் நீலமாகின்றன. அழகுதான், அதில் சந்தேகமில்லை. உச்சியில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, செல்போன்கள் உயர்கின்றன. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து இன்ஜின்கள் மறுபடி உறுமுகின்றன. இறங்கும் வண்டிகளின் பின்னால் வெள்ளையாக ஒரு திரை எழுந்து, சிறிது நேரம் அந்தரத்தில் நின்று, மெல்லக் கிழக்கே நகர்கிறது. கீழே லைனில் ஒரு அம்மா, கொடியில் கிடக்கும் துணிகளை அவசரமாக உருவிக்கொண்டு உள்ளே போகிறார்.