தவணை மூன்று ஆண்டுதான்!



2021 டிசம்பர் 17, 18ஆம் நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்சீனக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது, கோலாலம்பூரில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியது. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மின்சாரம் நின்றது. தண்ணீர் ஏறிய இடத்தில் அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் கைப்பேசிகளும் அடங்கிப்போக, உதவி கேட்கவும் வழியில்லை. முதியவர்களும் பிள்ளைகளும் மாடியில், இருட்டில், பசியோடு காத்துக் கிடந்தார்கள். பலரை மீட்டவை அக்கம்பக்கத்தாரும் தொண்டர்களும் கொண்டுவந்த படகுகள்.

இதே தாமான் 1995லும் மூழ்கியது. கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலம் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத செய்தியா? 26 ஆண்டுகளில் செய்த பாதுகாப்பு ஏன் போதவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் நீதிமன்றத்தில் கேட்பதற்குத் தவணை உண்டு. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948இன்படி, அரசாங்க இலாகாவோ நகராண்மைக் கழகமோ கடமை தவறியது என்று வழக்குப் போட 36 மாதங்கள்தான். தனியார் மீதான சாதாரண நஷ்டஈட்டு வழக்குக்கு ஆறு ஆண்டுகள்! 2021 வெள்ளத்துக்கான தவணை 2024 டிசம்பரோடு முடிந்தது. 1,000 ரிங்கிட் பரிவுத்தொகையை வாங்கி, சேற்றைக் கழுவி, மறுபடி கடன்பட்டுச் சாமான் வாங்கிய நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது?

வழக்குப் போட்டால் வெற்றி நிச்சயம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆதாரமே இல்லாமல் வாசற்படி ஏறவும் முடியாது.

ஆகவே, அடுத்த மழைக்கு முன்பே அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் அனைத்தையும் படமெடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சை அடையுங்கள். வடிந்ததும், கழுவுவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் பாழான பொருள்களையும் படமெடுங்கள். போலீஸ் புகார் செய்து நகலை வைத்திருங்கள். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள். நாம் தூங்கினாலும் தவணை தூங்காது.